ஒன்பதைவிட மங்கல்

ஜனவரி 12, திங்கள்

கெமிஸ்ட்ரி வகுப்பில் கொட்டாவி விட்டு மாட்டிக்கொண்டேன். "ராத்திரி பூரா செல்போனா?" என்று மிஸ் கேட்டார். இல்லை மிஸ், வால்மீன். போன வாரம் கேட்டிருந்தால் சொல்லத் தயங்கியிருப்பேன். இன்று தயக்கம் இல்லை, பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

காலை அசெம்பிளியில் பேச காமாக்ஷி மிஸ் (ஃபிசிக்ஸ்) ஐந்து நிமிடம் கொடுத்தார். வால்மீன் என்பது தூசு கலந்த பனிக்கட்டி என்பது, அது சூரியனை நோக்கி வளைந்து வருவது, விண்மீன்களுக்கு நடுவே தினமும் கொஞ்சம் நகர்வது, பதினொன்றாம் வகுப்பு 'ஏ'வில் படிக்கும் நானும் சாருலதாவும் லேபில் தூசியடைந்து கிடந்த தொலைநோக்கியை வாங்கிக்கொண்டு போய் எலியட்ஸ் பீச்சில் விடியுமுன் அதைத் துரத்துவது — எழுதி வைத்திருந்தது அவ்வளவுதான். முடிக்கும்போது வாய் தானாக ஓடிவிட்டது.

"ஜனவரி 26 காலையில எல்லாரும் பீச்சுக்கு வாங்க. வெறும் கண்ணாலேயே பார்க்கலாம்!"

கைதட்டல். தலைமையாசிரியை சிஸ்டர் மைக்கைப் பிடித்து, "குட். கொடியேத்தறதுக்கு முன்னாடி எல்லாரும் போயிட்டு வரலாம்" என்றுவிட்டார். சர்க்குலர் போகுமாம்.

சாரு மட்டும் கை தட்டவில்லை.

"வெறும் கண்ணாலன்னு யாருடீ சொன்னா?"

"அட்டவணை சொல்லுது. இருபத்தாறாம் தேதி பொலிவெண் நாலு."

"அது கணக்கு. அந்தக் கணக்கு வால்மீனுக்குத் தெரியுமா?"

எப்போதும் இப்படித்தான் இவள். ஆனாலும் சாப்பாட்டு வேளை முழுக்க அந்தக் கேள்விதான்.

ஜனவரி 13, செவ்வாய்

அருமையான வானம்.

லாய்ட் அண்ணனுக்குத் தரமணியில் இரவு ஷிஃப்ட். ஆபீஸ் வண்டி அவனை வாசலில் இறக்கிவிட்டதும் நான் தொலைநோக்கிப் பெட்டியோடு நிற்பேன். தனியாகப் போக மம்மி விடமாட்டார். அவன் வந்து பீச் சுவரில் படுத்துத் தூங்குவான், அதுதான் எனக்குக் காவல். சாருவை மயிலாப்பூரிலிருந்து அவள் அப்பா கஸ்தூரிரங்கன் அங்கிள் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டுவிட்டு மணலில் வாக்கிங் போவார்.

வால்மீன் கடலுக்கு மேலே, கேட்டை நட்சத்திரத்துக்கு இடப்பக்கம் தாழ. கண்ணாடியில் ஊதிய மூச்சு மாதிரி ஒரு மங்கல், நடுவில் கொஞ்சம் அடர்த்தி.

அதன் ஒளியை அளக்க மீட்டர் எதுவும் கிடையாது, கண்தான். அந்த மங்கல் எவ்வளவு பெரிசு, எவ்வளவு வெளிச்சம் என்று மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு பக்கத்தில் இருக்கிற, எண் தெரிந்த ஒரு விண்மீனுக்குத் தொலைநோக்கியைத் திருப்பி, அதுவும் அதே அளவு பரவித் தெரியும்வரை குவியத்தைக் கலைத்து, எது பிரகாசம் என்று ஒப்பிட வேண்டும். இப்படி இரண்டு மூன்று விண்மீன்கள். பிறகு ஆளுக்கொரு எண்ணை உள்ளங்கையில் பேனாவால் எழுதி, கையை மூடிக்கொண்டு, ஒரே நேரத்தில் திறப்போம். ஒருத்தி எண்ணை இன்னொருத்தி முதலில் பார்க்கக் கூடாது. இது சாருவின் சட்டம்.

இன்று இருவர் கையிலும் 7.5.

"எண்ணு கூடினா வெளிச்சம் கம்மியா? இன்னாடி கணக்கு இது?" என்றான் லாய்ட், கண்ணைத் திறக்காமல்.

"ரேங்க் மாதிரிடா. முதல் ரேங்க்தான் பெரிசு. ஆறு வரைக்கும் வெறும் கண்ணுக்குத் தெரியும்."

"அப்ப இது என்னை மாதிரி. கடைசி பெஞ்ச்."

வேலையைப் பிரித்துக்கொண்டிருக்கிறோம். தொலைநோக்கியை நிறுத்தி வால்மீனைத் தேடிப் பிடிப்பது சாரு. முந்தின மாலையே இணையத்தில் அட்டவணையை எடுத்து, வால்மீன் இருக்க வேண்டிய இடத்தைப் படத்தில் பென்சிலால் குறிப்பது நான். அட்டவணையின் கடைசிப் பத்தியில் எதிர்பார்க்கும் பொலிவெண்ணும் இருக்கும், அதையும் ஓரத்தில் குறித்துக்கொள்வேன். இரண்டு பேரின் எண்களும் மாதக் கடைசியில் வெளிநாட்டில் வால்மீன் பதிவுகளைத் தொகுப்பவர்களுக்குப் போகும். அதுவரை மற்றவர்கள் என்ன அனுப்புகிறார்கள் என்று பார்ப்பதில்லை. இதுவும் அவள் சட்டம்தான்.

ஜனவரி 14, புதன்

போகி. ஊரே டயர் வாடை. வால்மீன் எங்கே, கேட்டையே தெரியவில்லை.

ஜனவரி 16, வெள்ளி

என் கை: 7.0. சாருவின் கை: 7.7.

ஒரே தொலைநோக்கி, ஒரே வானம், ஒரு நிமிட இடைவெளி. எப்படி?

"போகிப் புகை இன்னும் இருக்கு. அதான் உனக்கு மங்கலா தெரியுது" என்றேன்.

"புகை எனக்கு மட்டுமா? உன் பக்கம் விசிறி போட்டிருக்காளா?"

அட்டவணைப்படி இன்று 6.9. நான் அதற்குப் பக்கத்தில். அவள்தான் தள்ளி நிற்கிறாள். இதைச் சொல்லவில்லை. சொன்னால் சண்டை.

ஜனவரி 17, சனி

மம்மி அன்பியக் கூட்டத்திலிருந்து முகம் மலர வந்தார். எங்கள் தெருக் குடும்பங்கள் பத்துப் பன்னிரண்டு கூடி ஜெபமாலை சொல்கிற கூட்டம். ஜெபம் முடிந்ததும் வால்மீன் பேச்சுதானாம்.

"'ஃப்ளோரா டீச்சர், உங்க பொண்ணு கண்டுபிடிச்சதாமே'ன்னு கேக்கறாங்கடி."

"நான் கண்டுபிடிக்கல மம்மி. பார்க்கறேன். அவ்ளோதான்."

"ரெண்டும் ஒண்ணுதான். எல்லாரும் வராங்க. காலங்காத்தால வெறும் வயித்தோட நிப்பாங்களா, சுண்டல் பண்ணிடலாம்னு முடிவு."

சுண்டல் வரை போய்விட்டது. சந்தோஷமா பயமா, தெரியவில்லை. வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கிறேன். "உக்காரேன், தலை சுத்துது" என்கிறான் லாய்ட்.

ஜனவரி 18, ஞாயிறு

நான் 6.7. அவள் 7.9.

அவளுக்கு வால்மீன் மங்கிக்கொண்டு போகிறது, எனக்குப் பிரகாசமாகிக்கொண்டு வருகிறது. கையைப் பார்த்ததும் ஆத்திரம் வந்துவிட்டது.

"உனக்குக் கண்ணு சரியில்ல சாரு. போர்டையே நீ சுருக்கிச் சுருக்கித்தான் பாக்கற. போய் டெஸ்ட் பண்ணிக்கோ."

கஸ்தூரிரங்கன் அங்கிள் அப்போதுதான் வாக்கிங் முடிந்து வந்தார். "என்னது? கண்ணா? நானும் பாத்துண்டேதான் இருக்கேன், சதா புஸ்தகத்துக்குள்ள மூஞ்சிய வெச்சுண்டு! நாளைக்கே டாக்டர்ட்ட போயிடலாம்."

"அப்பா, ஒண்ணுமில்லப்பா."

"ஆத்துல உன் அம்மாவும் இதையேதான் சொன்னா!"

சாரு என்னைப் பார்த்த பார்வை. திருப்பலியில் அது கண்ணுக்குள்ளேயே நின்றது. பிரசங்கத்தில் தூங்கியும் விட்டேன். இரண்டுக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டேன். இருந்தாலும் — யாராவது சொல்லத்தானே வேண்டும்? பொலிவெண் தப்பாகப் போனால் அந்தப் பதிவு யாருக்கு உபயோகம்?

ஜனவரி 19, திங்கள்

சர்க்குலர் வந்துவிட்டது. "வெறும் கண்ணால்" என்ற இடத்தில் அடிக்கோடு.

ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் படிக்கட்டில் நிறுத்தி, "அக்கா, வால் எவ்ளோ நீளம் இருக்கும்?" என்று கேட்டார்கள். சாரு ஏன் இன்று லீவு என்று வகுப்பில் கேட்டபோது, "கண்ணு டெஸ்ட். பாவம், அவளுக்கு வால்மீனே சரியா தெரியல" என்றேன். எதற்குப் 'பாவம்' போட்டேன்?

ஜனவரி 20, செவ்வாய்

கண் நன்றாகத்தான் இருக்கிறதாம். எல்லா வரியும், அடியில் இருக்கிற பொடி எழுத்து உட்பட, படித்தாளாம். டாக்டர், "யாரும்மா உனக்குக் கண் சரியில்லேன்னது?" என்று சிரித்தாராம்.

இதையெல்லாம் இடைவேளையில் தண்ணீர்க் குழாயடியில் நின்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"ஊரெல்லாம் எனக்குக் கண்ணு தெரியலன்னு சொல்லி வெச்சிருக்கே. சரி. இப்போ ஒண்ணு கேக்கறேன், யோசிச்சு பதில் சொல்லு. வால்மீனைப் பாத்தப்புறம் நீ முதல்ல எந்த நட்சத்திரத்துக்குப் போற?"

"பொருத்தமா இருக்கறதுக்கு."

"பொருத்தம்னு உனக்கு எப்படித் தெரியும்?"

எண்ணைப் பார்த்து. படத்தில் ஒவ்வொரு விண்மீன் பக்கத்திலும் அதன் எண் இருக்கிறது. ஓரத்தில் நான் எழுதிய எண் இருக்கிறது. அதற்கு மிக அருகே இருக்கிற விண்மீனுக்கு — அதற்குத்தான் முதலில் போகிறேன். போய், "ஆமாம், கிட்டத்தட்ட இதுதான்" என்று நினைக்கிறேன்.

அவளிடம் சொல்லவில்லை. மணி அடித்துவிட்டது.

ஆனால் எனக்கு உண்மையாகவே அப்படித்தான் தெரிந்தது! நான் பொய் எழுதவில்லை. பார்த்ததைத்தான் எழுதினேன். பார்த்தேன் அல்லவா? பார்த்தேனா?

ஜனவரி 21, புதன்

மேகம். லாய்டுக்கு மட்டும் மகிழ்ச்சி. என்னால் உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. சாருவுக்கு மூன்று முறை மெசேஜ் எழுதி அழித்தேன். நான்காவதாக அனுப்பியது: "எண் இல்லாம ஒரு படம் போடறியா? நான் அட்டவணையைத் தொடல." பதில்: கட்டைவிரல்.

ஜனவரி 22, வியாழன், காலை

பள்ளிக்கூடம் கிளம்புமுன் எழுதிவிடுகிறேன்.

சாரு புதுப் படம் வரைந்துகொண்டு வந்தாள். விண்மீன்களுக்குப் பக்கத்தில் எண்கள் இல்லை, அ, ஆ, இ, ஈ, உ என்று எழுத்துகள் மட்டும். அதுவும் வரிசையாக இல்லை, கலைத்துப் போட்டிருந்தாள். எந்த எழுத்துக்கு எந்த எண் என்பது அவள் சட்டைப்பையில். அட்டவணையை அவள்தான் எடுத்திருந்தாள், கடைசிப் பத்தியைத் தாளால் மூடிவிட்டு. அதனால் இன்று வால்மீன் எவ்வளவு பிரகாசமாக இருக்க வேண்டும் என்று இருவருக்குமே தெரியாது.

கண்ணை வைத்தேன். வழக்கமான மங்கல். ஆனால் எந்த விண்மீனுக்குப் போவது? பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. முதல் நாள் சைக்கிள் ஓட்டினது மாதிரி இருந்தது. ஒவ்வொன்றாகப் போனேன். 'இ'யைக் கலைத்தேன் — மிகப் பிரகாசம், இல்லை. 'அ' — அதுவும் பிரகாசம். 'உ' — அதுவும் அப்படித்தான். மீதி 'ஈ', 'ஆ'. வால்மீன் 'ஈ'யைவிடக் கொஞ்சம் மங்கல், 'ஆ'வைவிடக் கொஞ்சம் பிரகாசம். திரும்பத் திரும்பப் பார்த்தேன். மாறவில்லை.

"ஈ-க்கும் ஆ-வுக்கும் நடுவுல" என்றேன்.

சாரு சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தாள். டார்ச்சுக்கு லாய்டின் செல்போன்.

'ஈ' 8.0. 'ஆ' 8.5.

எட்டே கால். எனக்கு. என் கண்ணுக்கு.

மூடியிருந்த பத்தியையும் பிரித்தோம். இன்று 5.4 இருக்க வேண்டுமாம்.

இன்னொன்றும் பார்த்தோம். நடுவில் இருந்த அடர்த்தி காணாமல் போய்விட்டது. மங்கல் வட்டமாக இல்லை, நீண்டு கிடக்கிறது. அதன் பிரகாசமான பகுதி, அட்டவணை சொன்ன புள்ளியில் இல்லாமல், சூரியனுக்கு எதிர்ப்பக்கம் விலகி நிற்கிறது. உள்ளே இருக்கிற பனிக்கட்டி உடைந்துபோனால் தூசு மட்டும் இப்படிப் பின்னால் தங்கிவிடும் என்று சாரு படித்திருக்கிறாளாம்.

"சாரி சாரு" என்றேன்.

"எதுக்கு? கண்ணுக்கா, பாவத்துக்கா?"

யாரோ 'பாவம்' வரை சொல்லியிருக்கிறார்கள்.

"ரெண்டுக்கும்."

"முதல்ல 26-க்கு என்ன பண்றதுன்னு யோசி."

அதே நாள், இரவு

சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றேன்.

இன்னும் நான்கு நாள். ஒன்றும் சொல்லாமல் இருந்தால்? வால்மீனைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்பது எல்லாரும் ஏற்கிற விஷயம். கடைசி நேரத்தில் மங்கிவிட்டது என்றால் யார் கேட்கப்போகிறார்கள்? சாரு சொல்லமாட்டாள். லாய்டுக்கு எட்டுக்கும் ஐந்துக்கும் வித்தியாசம் தெரியாது.

மாலை பீச் பக்கத்து வேளாங்கண்ணிக் கோயிலுக்குப் போய் மாதாவிடம் இருபத்தாறாம் தேதிக்கு மேகம் கேட்டேன். முழு வானத்துக்கும். பாதி வழி திரும்பி வந்த பிறகுதான் என்ன வேண்டுதல் வேண்டியிருக்கிறேன் என்று உறைத்தது. வானம் தெளிவாக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்ட ஆள் இனிமேல் எதைப் பார்ப்பது, எதை எழுதுவது?

ஜனவரி 23, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

முதலில் காமாக்ஷி மிஸ்ஸிடம், ஸ்டாஃப் ரூம் வாசலில். மிஸ் முகம் சிவந்துவிட்டது.

"சர்க்குலர் போயாச்சு ஜொவிட்டா. பேரன்ட்ஸ் வரேன்னிருக்கா. சிஸ்டர்ட்ட நான் என்னன்னு சொல்றது? சாருலதா ஒரு வாரமா வேற நம்பர் சொல்லிண்டிருக்கான்னா அப்பவே வந்து சொல்லத் தெரியாதா?"

"அவளுக்குக் கண்ணு சரியில்லன்னு நினைச்சேன் மிஸ்."

"நன்னாயிருக்கு!" பிறகு: "மைக்ல சொன்னது நீதானே? நீயே போய்ச் சொல்லு."

அசெம்பிளியில் அதே மைக்கில் சொன்னேன். "வால்மீன் உடைந்து மங்கிக்கொண்டிருக்கிறது. இருபத்தாறாம் தேதி வெறும் கண்ணால் தெரியாது. தொலைநோக்கியிலும் தெரியுமா என்பது சந்தேகம். அட்டவணையில் இருந்த எண்ணையே நான் வானத்திலும் பார்த்துக்கொண்டிருந்தேன். சாருலதாவின் அளவுகள்தான் சரி. அவள் கண் நன்றாக இருக்கிறது." கடைசி வாக்கியத்துக்குத்தான் பெரிய சிரிப்பு. சாரு முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"நிகழ்ச்சி ரத்து. எல்லாரும் நேரே கொடியேற்றத்துக்கு வந்தால் போதும்" என்றார் சிஸ்டர். குரலில் ஒன்றும் இல்லை. அதுதான் கஷ்டம்.

படிக்கட்டில் அதே ஒன்பதாம் வகுப்புப் பெண்கள். "அக்கா, வாலும் போச்சு, மீனும் போச்சா?"

ஆமாம் போச்சு.

ஜனவரி 24, சனி

மம்மியிடம் இரண்டு முறை விளக்கினேன்.

"சரி. இப்போ அன்பியத்துக்காரங்களை வராதீங்கன்னு சொல்லணுமா?"

"ஆமா மம்மி."

"கடலை வாங்கியாச்சேடி."

போன் செய்து எல்லாரிடமும் சொன்னார். பாதிப் பேர், "பரவால்ல டீச்சர், பீச்சுக்கு வந்த மாதிரி இருக்கும்" என்றார்களாம். வானத்தில் ஒன்றும் தெரியாது என்பதை மம்மி எப்படிச் சொன்னார் என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். "கொஞ்சம் டல்லா இருக்கும்னு பொண்ணு சொல்றா" என்று சொன்னார்.

ஜனவரி 26, திங்கள்

மேகமே இல்லை. கழுவி விட்டது மாதிரி வானம்.

பள்ளிக்கூடத்திலிருந்து யாரும் வரவில்லை. அன்பியம் இரண்டு ஆட்டோவில் வந்து இறங்கியது, சுண்டல் தூக்குகளோடு. கூடவே எங்கள் மாடி வீட்டு தூபா, இரண்டாம் வகுப்பு, ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவுமாக.

வால்மீன் இருக்க வேண்டிய இடத்தைச் சாரு பிடித்தாள். நான் பார்த்தேன். அவள் பார்த்தாள். மறுபடி நான். ஓரத்தில் ஒரு சின்ன விண்மீன், படத்தில் அதன் எண் ஒன்பது. நடுவில் வெறும் இருட்டு. அந்த நீண்ட மங்கல்கூட இல்லை. யாரிடமும் சொல்வதற்குள் பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது.

முதலில் மம்மி. கண்ணை வைத்த உடனே, "ஆங், தெரியுது! அழகா இருக்கு!"

அவ்வளவுதான். அடுத்து வந்த ஆன்ட்டிக்கும் தெரிந்தது. அதற்கடுத்தவருக்கு வெள்ளையாகத் தெரிந்தது. கோயில் பங்குப் பேரவையில் இருக்கிற ராஜநாயகம் அங்கிள் ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "வால் கூடத் தெரியுதே! மேல பாத்து வளைஞ்சு நிக்குது. மகிமை!" என்றார்.

ஒன்றும் சொல்லாமல் இருக்கலாம். எல்லாரும் சந்தோஷமாகச் சுண்டல் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். நான் சொன்னபடியே வால்மீன் வந்ததாகத் தெரு முழுக்கப் பேச்சு இருக்கும்.

லாய்ட் தூபாவைத் தூக்கிப் பிடித்தான். அவள் நெடுநேரம் பார்த்தாள்.

"ஒண்ணுமே இல்லையேக்கா."

"நல்லா பாரு கண்ணு, இருக்கு" என்றார் ஒரு ஆன்ட்டி.

"இல்ல ஆன்ட்டி" என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. "தூபா சொல்றதுதான் சரி. அங்க வால்மீன் இல்ல. எனக்கும் தெரியல, சாருவுக்கும் தெரியல. ஓரத்துல இருக்கறது ஒரு சாதாரண நட்சத்திரம்."

பிறகு ராஜநாயகம் அங்கிள், "அப்ப நான் பாத்த வாலு?"

"அது உங்க இமை முடி அங்கிள். கிட்டக்க கண்ணை வெச்சா கண்ணாடியில அப்டித்தான் தெரியும்" என்றான் லாய்ட். தொலைநோக்கி பற்றி அவன் வாயிலிருந்து வந்த முதல் உருப்படியான வார்த்தை. அங்கிள்தான் முதலில் சிரித்தார். "எழுபது வயசுல என் இமையை நானே பாத்துட்டேன்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மம்மி மட்டும் சிரிக்கவில்லை. கூட்டம் சுண்டல் பக்கம் நகர்ந்ததும் என்னிடம் வந்தார்.

"உன் மனசு கஷ்டப்படக் கூடாதேன்னு அப்டி சொல்லிட்டேன்டி."

"தெரியும் மம்மி."

"ஒழுங்கா பாக்கவே இல்ல. இன்னொரு தடவை காட்டு."

உயரத்தைச் சரிசெய்து கொடுத்தேன். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தார். இந்தத் தடவை கண்ணை எடுக்காமல் பார்த்தார். கீழ்வானம் லேசாக வெளுக்கத் தொடங்கியிருந்தது. நானும் சாருவும் இரண்டு பக்கமும் நின்றோம்.

"நடுவுல ஒண்ணும் இல்ல. இருட்டுதான்" என்றார் மெதுவாக. "வலது ஓரத்துல சின்னதா ஒரு புள்ளி. அது கூட நேரா பாத்தா போயிடுது, கொஞ்சம் தள்ளிப் பாத்தா வருது."

சாரு என்னைப் பார்த்தாள். அந்தத் தள்ளிப் பார்க்கிற வித்தையை எங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நாங்களே கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது.

ஜனவரி 28, புதன்

மாதத் தொகுப்பை அனுப்பியாகிவிட்டது. அனுப்பிய பிறகுதான் மற்றவர்களின் எண்களைத் திறந்து பார்த்தோம். சிலர் மங்குகிறது என்று எங்களைப் போலவே எழுதியிருக்கிறார்கள். சிலர் பதினெட்டாம் தேதிவரை அட்டவணையோடு ஒட்டி, பிரகாசமாகிறது என்று எழுதியிருக்கிறார்கள். அவர்களும் என்னைப் போலத்தானா, கேட்க முடியாது.

16, 18 தேதிகளில் நான் எழுதிய எண்களை அழிக்க வேண்டாம் என்றாள் சாரு. அப்படியே விட்டு, எதிரில் காரணத்தைக் குறித்தேன்.

கடைசி வரி இது:

ஜனவரி 26. எலியட்ஸ் பீச். வானம் தெளிவு. வால்மீன் காணப்படவில்லை, ஒன்பதைவிட மங்கல். பார்வையாளர்கள்: சாருலதா, ஜொவிட்டா, ஃப்ளோரா.